ஆலைக்கு வெளியே உழைப்பவர்கள்

பொன்விழாக் கருத்தரங்கில் தொழிலாளர் நலப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை

 

பொன்விழா என்றால் கடந்து வந்த பாதையைப் போற்றிப் பேசுவது வழக்கம். சங்கத்தைத் தோற்றுவித்த பெரியவர்களைப் பற்றியும், கட்டடத்துக்குக் கைகொடுத்த புரவலர்களைப் பற்றியும், கல்வி உதவி பெற்று உயர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் காலையிலிருந்து பலர் அழகாகப் பேசினார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. பினாங்கு என்றாலே மின்னணு ஆலை என்றாகிவிட்ட காலத்தில், அந்த ஆலைகளுக்கு வெளியே வேலை பார்க்கும் நம்மவர்களுக்குச் செய்யும் தொழிலில் மனநிறைவு இருக்கிறதா? நிற்கும் இடத்தின் மீது பற்று இருக்கிறதா? இல்லையென்றால் அதை உண்டாக்க யார் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம்.

நம் சங்கத்துக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் இந்த ஐம்பதாண்டுக் கணக்கைப் பார்ப்பதற்கு இது பொருத்தமான நேரமும்கூட.

முதலில் ஒரு பழைய உண்மையை நினைவுபடுத்துகிறோம். ஒரு வட்டாரத்தின் தலைமைத் தொழிலுக்கு வெளியே நின்று பிழைப்பது நமக்குப் புதிதல்ல. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம் முன்னோர் இங்கே குடியேறினார்கள். சூலியா தெருவின் பெயரே அதற்குச் சாட்சி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாறு 1801-இல் தொடங்குகிறது. பின்னர் மலாயாவில் ஈயமும் ரப்பரும் கொடிகட்டிப் பறந்தன. தமிழ்த் தொழிலாளி என்றால் பால்மரக் காட்டில் இருப்பவர் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோரோ பட்டணத்தில் இருந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கினார்கள், படகு செலுத்தினார்கள், துணி விற்றார்கள், நாணயம் மாற்றினார்கள், தோளில் கம்பைச் சுமந்து சோறும் கறியும் விற்றார்கள். 'கண்டார்' என்ற மலாய்ச் சொல்லே தோளில் காவடிபோலச் சுமப்பதைத்தான் குறிக்கிறது.

அவர்கள் ஊரை விட்டு வந்ததை 'சபர்' என்றார்கள், வந்தவர் 'சபராளி'. 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ரஜூலா கப்பலை இந்த அவையில் இருக்கும் மூத்தவர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கப்பலில் இறங்கியதும் மாமன் கடை, மச்சான் கடை, ஊர்க்காரர் கடை என்று ஏதோ ஒன்றில் இடம் கிடைத்தது. கடையிலேயே சாப்பாடு, கடை மாடியிலேயே படுக்கை. சம்பளம் குறைவு. ஆனால் உழைப்பும் நாணயமும் உள்ளவரைச் சில ஆண்டுகளில் பங்காளியாக்கும் வழக்கம் பல கடைகளில் இருந்தது. ஊருக்குப் போய்வர ஒருவருக்கொருவர் முறை வைத்துக்கொண்டார்கள். இந்தப் பங்கு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

1969-இல் பினாங்குத் தீவு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்த காலம் அது. அன்றைய முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் யூ ஆலைகளை அழைத்துவந்து ஊரை நிமிர்த்த முயன்றார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. இண்டெல் நிறுவனம் அதே ஆண்டில் வந்தது. மற்றப் பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்து வந்தன. கம்பத்துப் பெண்பிள்ளைகள் முதன்முறையாக ஆலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலையெடுத்தன. இதை நன்றியோடு சொல்கிறோம். நம் குடும்பங்களிலும் ஆலைச் சம்பளத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் உண்டு. இந்த உரை ஆலைக்கு எதிரான உரை அன்று.

ஆனால் ஒரு தொழில் ஊரை ஆளத் தொடங்கினால், மற்றத் தொழில்களை அளக்கும் கோலும் அதுவே ஆகிவிடுகிறது. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள். ஆலைக்காரரிடம் அது இருக்கிறது. கடையில் கைக்காசாகச் சம்பளம் வாங்குபவரிடம் இல்லை. பெண் கேட்டுப் போனால், "மாப்பிள்ளை எந்த ஃபேக்டரியில்?" என்று கேட்கிறார்கள். "சாப்பாட்டுக் கடையில்" என்று சொன்னதும் பேச்சின் சூடு குறைகிறது. அந்த மாப்பிள்ளை மாதக் கடைசியில் ஆலைப் பையனைவிட அதிகமாகச் சம்பாதிப்பவராகக்கூட இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஆலைக்கு வெளியே இருப்பவர்கள் சிறுபான்மையினர் அல்லர். பினாங்கின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆலைத்துறை பாதியை நெருங்கும் பங்கு வகிப்பது உண்மை. ஆனால் வேலை செய்வோரின் தலையை எண்ணினால் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடை, உணவகம், விடுதி, போக்குவரத்து, மருத்துவமனை, பள்ளி போன்ற சேவைத் தொழில்களில் இருக்கிறார்கள். இரவு வேலை முடித்து வரும் ஆலைத் தொழிலாளிக்கு நடுநிசியில் சுடச்சுடச் சோறு போடுபவரும் இந்த ஊர்ப் பொருளாதாரத்தைத் தாங்குகிறவர்தாம்.

இனி மனநிறைவைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்க உளவியலறிஞர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில் ஒரு கருத்தைச் சொன்னார். பொறியாளர்கள், கணக்காளர்கள் ஏறத்தாழ 200 பேரிடம், வேலையில் மிகவும் மகிழ்ந்த நேரம் எது, மிகவும் வெறுத்த நேரம் எது என்று கேட்டுத் தொகுத்த ஆய்வு அது. சம்பளம், வேலை நேரம், மேலாளரின் நடத்தை போன்றவை சரியில்லை என்றால் மனிதர்களுக்கு மனக்குறை உண்டாகிறது. அவற்றைச் சரிசெய்தால் மனக்குறை நீங்கும்; ஆனால் அதனாலேயே மனநிறைவு வந்துவிடாது. மனநிறைவு வேலைக்குள்ளிருந்து வருகிறது. செய்யும் வேலையில் திறமை காட்ட இடமிருக்கிறதா, செய்ததை யாராவது மதிக்கிறார்களா, நாளை மேலே போக வழியிருக்கிறதா என்பவற்றைப் பொறுத்து அது அமைகிறது.

இந்த அளவுகோலை நம் தொழில்களில் வைத்துப் பாருங்கள். நம் தொழில்களில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நல்ல பண்டாரி மசாலா வறுபடும் வாசனையைக் கொண்டே அடுப்பைத் தணிக்கிறார். தட்டில் சோறு விழுந்ததும் எந்தக் குழம்பை எதனோடு எவ்வளவு கலந்து ஊற்ற வேண்டும் என்பது பரிமாறுபவரின் கையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வரும் வாடிக்கையாளர் வாய் திறக்கத் தேவையில்லை. நாணயமாற்றுக் கடையில் இருப்பவர் விரல் பட்டதுமே கள்ள நோட்டைப் பிரித்துவிடுகிறார். ஜவுளிக் கடைக்காரர் துணியைக் கசக்கிப் பார்த்து நூலின் தரத்தைச் சொல்கிறார். மனிதர்களோடு பேசிப் பழகி, காலையில் தொடங்கிய வேலையை முழுதாக முடித்து, அதன் பலனைக் கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு இந்தத் தொழில்களில் இருக்கிறது. நீண்ட உற்பத்தி வரிசையில் ஒரு சிறு பகுதியை மட்டும் செய்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

ஆக, மனநிறைவுக்கு வேண்டிய விதை நம்மிடம் இருக்கிறது. மனக்குறையை நீக்க வேண்டிய இடத்தில்தான் பல கடைகள் பின்தங்கியிருக்கின்றன. காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை வாரத்தில் ஆறு நாள் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் வாரத்துக்கு 66 மணி நேரம். 2023 ஜனவரி முதல் சட்டம் சொல்வது 45 மணி நேரம். மிச்சமுள்ள 21 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும். "குடும்பம்போலப் பழகுகிறோம், கணக்கெல்லாம் எதற்கு?" என்று சில முதலாளிகள் சொல்வதுண்டு. குடும்பம்போலப் பழகுவது நல்லதுதான். அந்தத் தொழிலாளிக்கும் வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. அதற்குக் கணக்குத் தேவைப்படுகிறது. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமலும் குறைக்காமலும் கொடுக்க வேண்டும் என்பது நமக்குச் சிறுவயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்ட பாடம்.

அடுத்து, பற்று. ஒருவர் ஒரே கடையில் 25 ஆண்டுகள் இருந்தார் என்றால் உடனே "எவ்வளவு விசுவாசம்!" என்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். அவர் ஏன் இருந்தார் என்று கேட்பதில்லை. கனடா நாட்டுப் பேராசிரியர்கள் ஜான் மேயரும் நாதலி ஆலனும் 1991-இல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். சிலர் விருப்பத்தால் இருக்கிறார்கள். அந்த இடம் தம்முடையது என்ற உணர்வு அவர்களுக்கு இருக்கிறது. சிலர் கடமை உணர்வால் இருக்கிறார்கள்; ஆளாக்கிவிட்டவரை விட்டுப் போவது முறையாகாது என்று நினைக்கிறார்கள். சிலர் வேறு வழியில்லாததால் இருக்கிறார்கள்; போனால் இழப்பு அதிகம் என்று அஞ்சுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். மூவரும் காலையில் கடையைத் திறக்கிறார்கள். ஆனால் கடைக்கு ஒரு நெருக்கடி வரும்போது வேறுபாடு தெரியும்.

நம் பாட்டன்மார் காலத்தில் முதல் இரண்டு வகைப் பற்றும் சேர்ந்திருந்தன. மாமன் கடை என்பதால் கடமை இருந்தது. பங்கு கிடைக்கும் என்பதால் விருப்பமும் இருந்தது. இன்று நம் கடைகள் பலவற்றில் வேலை செய்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய வேலை அனுமதியில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. விட்டுப் போனால் நாட்டையே விட்டுப் போகவேண்டும். "எங்கள் பையன்கள் எங்கும் போகமாட்டார்கள்" என்று ஒரு முதலாளி பெருமையாகச் சொன்னால், அது பற்றா, பூட்டா என்று அவரே யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளும் சபராளிகள்தாம். ரஜூலாவில் வந்தவருக்கும் விமானத்தில் வந்தவருக்கும் மனசு ஒன்றுதான். ஊரில் தாய் இருக்கிறாள், கடன் இருக்கிறது, பெருநாளன்று தொண்டை அடைக்கிறது. கடை மாடியில் காற்று வருகிற அறையும், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வும், கடவுச்சீட்டு அவர்கள் கையிலேயே இருக்கும் நிம்மதியும் சலுகைகள் அல்ல; உரிமைகள்.

கொரோனாக் காலம் நமக்கு ஒரு பெரிய பாடத்தைக் கண்முன் நிறுத்தியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மின்னணு ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டாவது இயங்க அனுமதி பெற்றன. உணவகங்களில் பொட்டலம் கட்டிக் கொடுக்க மட்டுமே அனுமதி. நாணயமாற்றுக் கடைகளின் நிலை இன்னும் மோசம். நாட்டின் எல்லைகள் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுற்றுப்பயணி இல்லாத ஊரில் யாருக்கு நாணயம் மாற்றுவது? அந்த நேரத்தில் அரசாங்கம் சொக்சோ வழியாகச் சம்பள உதவித் தொகை கொடுத்தது. தொழிலாளர்களை முறையாகப் பதிந்து, சந்தா கட்டிவந்த கடைகளுக்கு அது கிடைத்தது. பெயரே பதியாத தொழிலாளிக்கு எந்தக் கணக்கில் கொடுப்பார்கள்? ஏட்டில் பெயர் இருந்ததா இல்லையா என்பது, அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிவதைத் தீர்மானித்தது.

ஊழியர் சேமநிதியையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 மே மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு கடைகளுக்கும் 2023 ஜூலை முதல் அது பொருந்தியது. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 195 வெள்ளி கட்டுகிறார். தொழிலாளி 11 விழுக்காடு, 165 வெள்ளி. மாதம் 360 வெள்ளி, ஆண்டுக்கு 4,320, இருபது ஆண்டில், ஈவுத்தொகையைச் சேர்க்காமலே, 86,400 வெள்ளி. இருபது ஆண்டு கைக்காசு வாங்கியவருக்கு இந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவர் முதுமையில் யாரிடம் போவார்? நம் சங்கத்தின் நல உதவிக்கு வரும் மனுக்களில் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன. உழைத்துக் களைத்த ஒருவர் உதவி மனுவோடு வரிசையில் நிற்பதைவிட, தாம் சேர்த்த பணத்தைத் தாமே எடுப்பது கண்ணியம்.

இனி, செய்யக்கூடியவை என நாங்கள் கருதும் நான்கைச் சொல்கிறோம்.

ஒன்று, சம்பளச் சீட்டு. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தாளில் பெயர், நாள், சம்பளம், மிகைநேரம், சேமநிதி, சொக்சோ எழுதி மாதந்தோறும் கொடுங்கள். அந்தத் தாள் இருந்தால் அவர் வங்கிக்குப் போகலாம், வீட்டுக்கு மனுப் போடலாம், பெண் வீட்டாருக்கும் காட்டலாம்.

இரண்டு, திறமைக்குச் சான்று. முப்பது ஆண்டு அடுப்படியில் நின்ற பண்டாரியிடம் ஒரு சான்றிதழ்கூட இருப்பதில்லை. பள்ளியில் உட்காராமலே, செய்த வேலையின் அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி நாட்டில் இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை அதை நடத்துகிறது. விண்ணப்பப் பாரம் நிரப்பவும் சான்றுகளைத் தொகுக்கவும் நம் படித்த பிள்ளைகள் உதவ வேண்டும். ஆலையில் பொறியாளராக இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஒரு சனிக்கிழமை மாலையை இதற்குக் கொடுங்கள்.

மூன்று, பங்கு. முன்பு சொன்னோமே, அதே சொல்தான். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் மூடப்படும் கடைகள் நம் கண்ணெதிரே இருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீங்கியபோது பல பழைய கடைகள் இடம்பெயர்ந்தன. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. கட்டடத்துக்குள் நடக்கும் தொழிலைக் காப்பது நம் கையில் இருக்கிறது. மகன் வரவில்லை என்றால் கடையை மூடித்தான் ஆகவேண்டுமா? கைநிறையத் தொழில் தெரிந்த உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறாரே! எழுத்து ஒப்பந்தத்தோடு அவருக்குச் சிறுபங்கு கொடுத்துப் படிப்படியாகக் கடையை ஒப்படைக்கலாம். கடையின் பெயரும் நிலைக்கும், முதலாளிக்கும் வருமானம் வரும். பாட்டன்மார் செய்ததைத்தான் செய்யச் சொல்கிறோம்; எழுத்து ஒப்பந்தம் மட்டும் புதியது.

நான்கு, சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். வீட்டில் நாசி லெமாக் கட்டிக் கொடுக்கும் சகோதரிகள், தையல் தைப்பவர்கள், வாடகை வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு முதலாளி இல்லை. ஆகவே யாரும் அவர்களுக்காகச் சந்தா கட்டுவதில்லை. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு 2017-இல் சட்டமானது. சேமநிதியில் தாமாகப் பணம் கட்டினால் அரசாங்கம் ஓரளவு சேர்த்துத் தரும் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளிச் சந்தாவில் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. மாதம் பத்து வெள்ளி. கணவன்மார்களே, இதை நீங்களே கட்டிவிடுங்கள்.

கடைசியாக, குடும்பங்களுக்கு ஒரு சொல். மனநிறைவு கடையில் மட்டும் உண்டாவதில்லை. வீடு திரும்பும்போது கிடைக்கும் மரியாதையிலும் அது இருக்கிறது. "படிக்காவிட்டால் கடையில்தான் நிற்கணும்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். அதே கடையில் நின்றுதான் அந்தப் பிள்ளைகளின் அத்தா பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். அவர் காதில் விழும்படி அந்தச் சொல் வேண்டாம். பிள்ளைகள் விரும்பினால் ஆலைக்குப் போகட்டும், மருத்துவம் படிக்கட்டும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் கடைக்கும் வரட்டும். கல்லாவில் உட்காருவதோடு நிற்காமல் அடுப்படியிலும் நிற்கட்டும். அங்கே வேலை பார்ப்பவரைப் பெயர் சொல்லி விரட்டாமல் மாமா என்றும் அண்ணன் என்றும் அழைக்கட்டும். வேலையின் அருமை அங்கே புரியும்.

மின்னணுத் தொழில் ஏறும், இறங்கும். 1985-லும் 2001-லும் அது இறங்கியபோது இந்த ஊரில் ஆட்குறைப்பு நடந்ததைப் பார்த்திருக்கிறோம். ஒரே தூணில் நிற்கும் ஊருக்கு மற்றத் தூண்களும் வேண்டும். அந்தத் தூண்களில் சிலவற்றை நம்மவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கிவருகிறார்கள். அவர்கள் விருப்பத்தோடு தாங்கும்படி செய்வது முதலாளிகளின் கையிலும், சங்கத்தின் கையிலும், நம் வீடுகளின் கையிலும் இருக்கிறது.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க அலுவலகத்தில் எங்கள் பிரிவினர் இருப்பார்கள். சேமநிதி, சொக்சோ, திறன் சான்றிதழ் பாரங்கள் அங்கே கிடைக்கும். முதலாளிகளும் வாருங்கள், தொழிலாளர்களும் வாருங்கள். சேர்ந்து வந்தால் இன்னும் மகிழ்ச்சி.